மணற்காட்டைப் பாலைவனம் என்று சொல்லாதீர்கள்

போன ஞாயிறு வீட்டோடு, வடமராட்சி கிழக்குக் கரையில் மணல்மேடுகள் நிற்கும் மணற்காட்டுக்குப் போய் வந்தோம். மனைவி, பிள்ளைகள் இரண்டு பேர், அம்மா. விடியக் காலையிலேயே யாழ்ப்பாணத்தில் இருந்து வெளிக்கிட்டு, நெல்லியடியில் பிளேன்ரீ குடித்து, வல்லிபுர ஆழ்வாரைக் கும்பிட்டுவிட்டுப் போய்ச் சேர எட்டரை ஆகிவிட்டது. புட்டும் முட்டைப்பொரியலும் கட்டிக்கொண்டு போயிருந்தோம்.

வாகனத்தை விட்டு இறங்கியதும் சின்ன மகள் கேட்டாள்: "அப்பா, ஒட்டகம் எங்கை?"

பிள்ளையில் பிழை இல்லை. 'யாழ்ப்பாணத்துப் பாலைவனம்' என்றுதான் யூரியூப்பில் பார்த்திருக்கிறாள். நானும் அப்படிச் சொல்லித்தான் கூட்டிக்கொண்டு போனேன்.

அம்மா அவளை மேட்டின் அடியில் இருத்தி, "கையாலை கிண்டிப் பார் பிள்ளை" என்றார். மேல்மணல் அப்போதே சுடத் தொடங்கியிருந்தது. ஒரு சாண் கிண்டியதும் நிறம் மாறியது. இன்னும் கொஞ்சம் கிண்ட, குளிர்ந்த ஈரம். அவள் உருட்டிப் பிடித்த மணல் உதிராமல் உருண்டையாகவே கையில் இருந்தது. "மாரித் தண்ணி. இந்த மணல்தான் எங்களுக்குப் பிடிச்சு வைச்சிருக்கு" என்றார் அம்மா.

உண்மை அதுதான். மணலுக்குள் இறங்கும் மழைநீர், அடியில் இருக்கும் உப்புநீரை விடப் பாரம் குறைந்தது. அதனால் அதன்மேல் மிதந்து நிற்கும். கடலுக்குக் கிட்டக் கிண்டிய கிணற்றிலும் நல்ல தண்ணீர் ஊறுவது இப்படித்தான். மாரியில் மட்டும் ஓடும் வழுக்கியாற்றை விட்டால் ஆறென்று சொல்ல ஒன்றும் இல்லாத குடாநாட்டில், தண்ணீரைப் பிடித்து வைக்கும் மணலை எப்படி வெறும் மணல் என்பது? வருடத்துக்கு ஆயிரம் மில்லிமீற்றருக்கு மேல் மழை பெய்யும் ஊர் இது. பள்ளிக்கூடத்தில் படித்த ஐந்திணையில் பார்த்தால் மணற்காடு பாலை இல்லை, நெய்தல்.

பெயரில் என்ன இருக்கிறது என்று கேட்பீர்கள். பாலைவனம் என்றதும், ஒன்றுக்கும் உதவாத வெறுங்காணி என்ற எண்ணம் வந்துவிடுகிறது. வெறுங்காணி என்றால் யாரும் அள்ளலாம், ஏறி மிதிக்கலாம். சவுக்கங்காட்டுப் பக்கம் ஒரு மேட்டைப் பாண் வெட்டியது போல நேராக வெட்டி அள்ளியிருந்தார்கள். வெட்டிய முகத்தில் அடம்பன் கொடியின் வேர்கள் நூல் நூலாகத் தொங்கின. கீழே உழவு இயந்திரத்தின் சில்லுத் தடம். கொஞ்சம் தள்ளி, மேட்டு உச்சி வரைக்கும் மோட்டார் சைக்கிள் ஓடிய தடம். அந்தத் தடத்தில் மட்டும் இராவணன் மீசைப் புல் பிடுங்குப்பட்டுக் கிடந்தது.

அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்கு என்று வாய் ஓயாமல் சொல்கிறவர்கள் நாங்கள். அந்தக் கொடியும் இந்தப் புல்லும்தான் மணலை இறுக்கிப் பிடிக்கின்றன. அவை போனால் காற்று மேட்டை நகர்த்திவிடும். காற்று கொண்டுவரும் மணல் என்ன செய்யும் என்பதற்கு, மணலுக்குள் பாதி புதைந்து நிற்கும் பழைய அந்தோனியார் கோயிலின் சுவர்களே சாட்சி.

2004 மார்கழி 26 அன்று சுனாமிக்கு வடமராட்சி கிழக்கு கொடுத்த உயிர்களை இங்கே யாருக்கும் நினைவூட்டத் தேவையில்லை. தெற்கே யால பக்கம், கடல் நன்றாகத் தெரியட்டும் என்று முன்னால் நின்ற மணல்மேட்டை வெட்டிய ஒரு விடுதியைச் சுனாமி அடியோடு கொண்டுபோனது. மேடு கலையாமல் நின்ற அயல் இடங்கள் தப்பின. இதை அறிந்த பிறகும் நாங்கள் அள்ளுகிறோம் என்பதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

இதே கரையில் தெற்கே போனால் சுண்டிக்குளம். 1938இல் பறவைகள் சரணாலயம், 2015இல் தேசியப் பூங்கா. மணற்காட்டுக்கும் வேலி போடச் சொல்லி நான் கேட்கவில்லை. கரைவலை இழுக்கும் சனம் அங்கே சீவிக்கிறது, அவர்களை மறிக்கிற பாதுகாப்பு எனக்கு வேண்டாம். அள்ளுவதை மட்டும் நிற்பாட்டச் சொல்கிறேன்.

போகிறவர்கள் வெயிலுக்கு முன் போங்கள், நடந்தே ஏறுங்கள், கொண்டுபோன போத்தலைத் திருப்பிக் கொண்டுவாருங்கள்.

அடுத்த மாதம் எங்கள் வீட்டு மதில் வேலை தொடங்குகிறது. மணல் கொண்டுவந்து பறிக்கிறவரிடம் எங்கே அள்ளியது என்று கேட்டு, அனுமதிப் பத்திரத்தையும் பார்த்த பிறகுதான் படலையைத் திறப்பேன். வீடு கட்டிக்கொண்டிருக்கும் நீங்களும் கேளுங்கள்.