மலையேற்றத்தையும் கணக்கில் எடுக்க வேண்டும்

பழைய மின்சாரக் கார் வாங்குவோர், ஒரு முறை மின்னேற்றினால் ஓடும் தூரத்தை ஒப்பிட்டுத் தெரிவு செய்யலாம் என்று கட்டுரை ஒன்றில் படித்தேன். மலைநகரான நுவரெலியாவில் வசிக்கும் எங்களுக்கு அந்த ஆலோசனை போதாது. 40 கிலோவாட் மணி மின்கலம் கொண்ட நிசான் லீப் காருக்கு ஜப்பானின் பழைய அளவீட்டு முறையில் 400 கிலோமீற்றர் என்று குறிக்கப்பட்டது. அதே கார் அமெரிக்க அளவீட்டில் ஏறத்தாழ 243 கிலோமீற்றர்தான் ஓடும். விற்பவர் எந்தக் கணக்கைச் சொல்கிறார் என்று முதலில் கேளுங்கள்.

கொழும்பிலிருந்து ஏறக்குறைய 1,870 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவுக்கு ஆட்களுடன் அந்தக் காரை ஏற்றுவதற்கு மட்டும், சமதரையில் ஓடும் செலவுக்கு மேலதிகமாக, குறைந்தது எட்டு ஒன்பது அலகு (கிலோவாட் மணி) மின்சாரம் வேண்டும். இறங்கும்போது மோட்டாரே வேகத்தைக் குறைத்து மின்சாரம் உண்டாக்குவதால் அதில் ஒரு பகுதி திரும்பக் கிடைக்கும் என்பது உண்மையே. ஆனால் வீட்டில் முழுமையாக மின்னேற்றிக்கொண்டு றம்பொடைச் சரிவில் இறங்கினால் அதை ஏற்க மின்கலத்தில் இடமிருக்காது, பிரேக்கையே நம்ப வேண்டிவரும். பிள்ளைகளை ஏற்றிச் செல்வோர் இதை அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

லீப்பின் மின்கல அளவுமானியை ஒட்டியுள்ள 12 சிறு கோடுகளில் ஒன்று மறைந்தாலே கொள்ளளவில் ஏறத்தாழ 15 சதவீதம் போய்விட்டது என்று பொருள். அக்கோடுகளை மீளமைத்து ஏமாற்றுவோரும் இருப்பதால், மின்கலத்தின் நிலையைக் காட்டும் கருவியைப் பொருத்திச் சோதித்து, ஏற்றத்தில் ஓட்டிப் பார்த்த பின்னரே முற்பணம் கொடுங்கள்.