உஸ்மான் ரோடு உஸ்மான் யாருங்க?

தீபாவளின்னா நகைக்கும் புடவைக்கும் சென்னை தி.நகர் உஸ்மான் ரோட்டுல முட்டி மோதுறோமே, அந்த உஸ்மான் யாருன்னு கேட்டா பதில் சொல்ல ஆளே கிடைக்காது. சர் முகமது உஸ்மான், 1934ல சென்னை மாகாணத்துக்குத் தற்காலிக கவர்னரா இருந்தவர். என்னைக் கேட்டா அவரோட பெரிய வேலை அதுகூட இல்ல, 1920கள்ல நாட்டு வைத்தியத்தை ஆராய அரசு போட்ட கமிட்டிக்கு அவர்தான் தலைவர், சித்தா ஆயுர்வேதம் யுனானியெல்லாம் ஒழுங்கான படிப்பா வர அந்த ரிப்போர்ட் ஒரு முக்கிய காரணம்.

தி.நகர் முழுக்க இப்படித்தான், 1920கள்ல சென்னை மாகாணத்தை ஆண்ட நீதிக்கட்சியோட வரலாறே தெருப்பேரா நிக்குது. இந்தத் தியாகராய நகருக்கே பேர் தந்த தியாகராயர் 1920ல முதல்மந்திரி பதவி தேடி வந்தும் வேணாம்னவர், அவர் கார்ப்பரேஷன் தலைவரா இருந்தப்போதான் ஆயிரம் விளக்கு பள்ளிக்கூடத்துல மதிய சாப்பாடு ஆரம்பிச்சாங்க, அவரைப் போய் 'டி'ன்னு ஒத்தை எழுத்தா சுருக்கிட்டோம். நடேசன் பார்க், கட்சிய ஆரம்பிச்சவங்கள்ல ஒருத்தரான டாக்டர் நடேசனார். பனகல் பார்க், முதல்மந்திரியா இருந்த பனகல் அரசர். பாண்டி பஜாருக்குப் பாண்டிச்சேரி வியாபாரிங்கன்னு ஒரு கதையும் ஓடுது, ஆனா போர்டுல இருக்கிறது சௌந்தரபாண்டியனார் அங்காடி. 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கினவர்ங்க அவர்!

எனக்கு ரொம்ப வருத்தம் என்னன்னா, மனுஷங்க பேராவது போர்டுல இருக்கு, இங்க இருந்த ஏரி பேரு சுத்தமா போயிடுச்சு. 1920கள்ல தண்ணிய வடிச்சு நகர் போடுற வரைக்கும் இங்க பெரிய ஏரிங்க, வெள்ளைக்காரன் லாங் டேங்க்னு சொன்னது. இப்போ ஓரத்துலதான் தடயம் இருக்கு, மேற்கு மாம்பலத்துல லேக் வியூ ரோடு, நுங்கம்பாக்கத்துல டேங்க் பண்ட் ரோடு, லேக் ஏரியா, அவ்ளோதான். வியூ இருக்கு, லேக் எங்க? 2021 நவம்பர் மழையில இங்க ஜி.என். செட்டி ரோட்டுல தண்ணி தேங்கினப்போ எல்லாரும் கால்வாயைத்தான் திட்டினாங்க, சரிதான், ஆனா தண்ணி அதோட பழைய இடத்துக்குத்தான் வருதுங்கிறதையும் பேசணும்ல.

புதுசா பேரு மாத்துற வேலையெல்லாம் எதுவும் வேணாம், இருக்கிற பேருக்குக் கீழ ரெண்டு வரி எழுதினாலே போதும். பனகல் பார்க்குல மெட்ரோ ஸ்டேஷன் வருது, அங்க ஒரு சுவத்துல பனகல் அரசர் படத்தையும் அந்த ஏரியோட பழைய மேப்பையும் பெருசா மாட்டுங்க, ரயிலுக்கு நிக்கிற நேரத்துல ஜனங்க படிப்பாங்க.