ஒரு நாள் வேலை

(2022 செப்டம்பர் 20, மாலை. பாஸ்டனில் இருக்கும் குமரேசன், ஒட்டாவாவில் இருக்கும் தன் மனைவியின் தம்பி சுந்தருக்குப் போன் செய்கிறார். இரண்டு பேருக்கும் ஐஸ் ஹாக்கி பைத்தியம். அணிதான் வேறு வேறு; அவரவர் ஊர் அணி.)

குமரேசன்: மாப்பிள்ளை, பழைய கேப்டன் சாராவை எங்கள் பாஸ்டன் அணி மறுபடியும் சேர்த்துக்கொண்டது!

சுந்தர்: ஸ்டெனோ சாராவையா? 45 வயதிலா? எத்தனை வருட ஒப்பந்தம் மாமா?

குமரேசன்: ஒரு நாள்.

சுந்தர்: ஒரு நாளா? இன்று மேட்ச்கூட இல்லையே.

குமரேசன்: மேட்ச் இல்லை. இன்று சேர்ந்தார், இன்றே ஓய்வு பெற்றுவிட்டார்.

சுந்தர்: ராஜினாமா கொடுப்பதற்காகவே வேலைக்குச் சேர்ந்தாரா? ஸ்டெனோ என்று பெயர் இருப்பதால் தற்காலிகப் பணியிடம் என்று நினைத்துவிட்டார்களோ?

குமரேசன்: கிண்டலை நிறுத்து. பாஸ்டன் ஆட்டக்காரராகவே விடைபெற வேண்டும் என்று ஆசைப்பட்டிருக்கிறார். 14 சீசன் கேப்டனாக இருந்த மனிதர். காலையிலிருந்து எனக்கு வேலையே ஓடவில்லை.

சுந்தர்: மற்ற நாட்களில் ஓடுமா?

குமரேசன்: உனக்கென்ன தெரியும் அவர் அருமை!

சுந்தர்: மாமா, நிறுத்துங்கள். அவர் எங்கள் பிள்ளை. 2001-இல் நியூயார்க் ஐலண்டர்ஸ் அணியிடமிருந்து நாங்கள் வாங்கினோம். எங்கள் ஆட்டக்காரர் யாஷினைக் கொடுத்தோம், பதிலுக்கு அவர்கள் சாராவையும் மக்கால்ட் என்ற இன்னொருவரையும் கொடுத்து, ஸ்பெஸா என்ற புதுப் பையனைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பையும் கூடவே தந்தார்கள்.

குமரேசன்: பழைய சாமானைக் கொடுத்துப் புதுப் பாத்திரம் வாங்கிய மாதிரி.

சுந்தர்: யாஷினுக்கு அவர்கள் 10 வருடத்துக்கு எட்டே முக்கால் கோடி டாலர் எழுதிக்கொடுத்தார்கள். 2007-இல் ‘போதும் சாமி’ என்று அனுப்பிவிட்டு, ஆடாத ஆளுக்கு 2015 வரை பணம் கட்டினார்கள். இப்படி ஒரு வியாபாரத்தை உங்கள் பாஸ்டன் செய்திருக்கிறதா?

குமரேசன்: எங்களுக்கு வியாபாரமே தேவைப்படவில்லை. 2006-இல் நீங்கள்தான் சும்மா விட்டுவிட்டீர்களே. இன்னொரு தடுப்பாட்டக்காரர் ரெட்டனை வைத்துக்கொண்டு சாராவைப் போகவிட்ட புத்திசாலிகள்.

சுந்தர்: (தொண்டையைக் கனைத்து) அவர் போன அடுத்த சீசனில் நாங்கள் இறுதிப் போட்டிக்குப் போனோம். நீங்கள் அவரை வைத்துக்கொண்டு உங்கள் பிரிவில் கடைசி இடம்.

குமரேசன்: இறுதிப் போட்டிக்குப் போனீர்கள், சரி. கப்?

சுந்தர்: அனாஹெய்மில் இருக்கிறது.

குமரேசன்: எங்கள் கப் 2011-இல் வந்தது. வான்கூவர் ஊருக்கே போய், ஏழாவது ஆட்டத்தில் 4-0. முப்பத்தொன்பது வருடம் காத்திருந்த கப்! சாரா 6 அடி 9 அங்குலம் உயரம், அதற்குக் கீழே ஸ்கேட், மேலே நீட்டிய கை. அதற்கு மேலே கப். அவ்வளவு உயரத்தை அந்தக் கப் அதுவரை பார்த்திருக்காது. பாவம், தலை சுற்றியிருக்கும்.

சுந்தர்: அப்பா மல்யுத்த வீரர் இல்லையா, ஒலிம்பிக் வரை போனவர். தூக்குவது பரம்பரைத் தொழில்.

குமரேசன்: பக்கத்தில் எங்கள் ஆட்டக்காரன் மார்ஷாண்ட் நிற்பானே, சரியாக ஒரு அடி குட்டை. இரண்டு பேரையும் ஒரே போட்டோவில் எடுத்தால் ஒருத்தருக்குத் தலை போகும், இல்லையென்றால் ஒருத்தருக்கு உடம்பே போகும்.

சுந்தர்: மட்டையும் அப்படித்தான். எல்லோருக்கும் 63 அங்குலம்தான் உச்சவரம்பு. அவருடைய உயரத்துக்குச் சிறப்பு அனுமதியில் 65. அந்த மட்டையை நீட்டினால் எதிரணிக்காரன் சுற்றிக்கொண்டு போவதற்குள் டீ ஆறிவிடும்.

குமரேசன்: தடுப்பாட்டக்காரருக்கு அதுதானே அழகு? கோல் போட்டவனைத்தான் ஊரே கொண்டாடும். இவர் போடவிடாமல் செய்ததை யார் எண்ணி வைத்திருக்கிறார்கள்?

சுந்தர்: போட்டதும் குறைவில்லை மாமா. 209 கோல். அந்த அடி இருக்கிறதே, 2012-இல் நட்சத்திர ஆட்டக்காரர்களுக்கான ஆல்-ஸ்டார் திறன் போட்டியில் மணிக்கு 108.8 மைல்! எங்கே அடித்தார் சொல்லுங்கள்?

குமரேசன்: எங்கே?

சுந்தர்: எங்கள் ஒட்டாவாவில்! எங்கள் ஆல்ஃபிரெட்சன் ஒரு அணிக்குக் கேப்டன், இவர் எதிரணிக்குக் கேப்டன். எங்கள் வீட்டில் சாப்பிட்ட பிள்ளை, எங்கள் வாசலிலேயே நின்று கல்லெறிந்த மாதிரி. மறுநாள் ஆட்டத்திலும் அவர் அணிதான் ஜெயித்தது. நான் கை தட்டுவதா, அழுவதா என்று தெரியாமல் முழித்துக்கொண்டிருந்தேன்.

குமரேசன்: அழுகை என்றால் 2019. செயின்ட் லூயிஸோடு இறுதித் தொடர். நான்காவது ஆட்டத்தில் பக், அந்த ரப்பர் வட்டு, வந்து சாராவின் தாடையில் பட்டுத் தாடை உடைந்துவிட்டது. நான் ‘முடிந்தது கதை’ என்று டிவியை அணைத்தேன். உன் அக்கா திரும்பப் போட்டாள். பார்த்தால், முகத்தில் கூண்டு மாட்டிக்கொண்டு பெஞ்சில் வந்து உட்கார்ந்திருக்கிறார்! ஐந்தாவது ஆட்டத்தில் இறங்கியும் ஆடினார். அரங்கமே எழுந்து நின்றது. எனக்குப் பல் பிடுங்கியதற்கு மூன்று நாள் லீவு போட்டவன் நான்.

சுந்தர்: அதைச் சாதாரணமாகச் சொல்கிறீர்கள். மூன்று நாளும் அக்கா எனக்குப் போன் செய்து அழுதாள்.

குமரேசன்: (குரல் தழுதழுக்க) அப்படிப்பட்டவரைப் போய், 2020-இல் இளைஞர்களுக்கு வழிவிட வேண்டும் என்று வாஷிங்டனுக்கு விட்டுவிட்டார்களே மாப்பிள்ளை! மனசாட்சி இல்லாதவர்கள்! எந்த முட்டாள் சொல்லியிருப்பான், ‘வயதாகிவிட்டது, கால் ஓடவில்லை, போகட்டும்’ என்று?

சுந்தர்: நீங்கள்தான்.

குமரேசன்: என்ன?

சுந்தர்: அந்த வருடம் தீபாவளிக்கு வாழ்த்துச் சொல்லக் கூப்பிட்டேன். நாற்பது நிமிடம் பேசினீர்கள். ‘மாப்பிள்ளை, சாரா திரும்பி வருவதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டுக் குளிக்கப் போய்விடுகிறது’ என்றீர்கள்.

குமரேசன்: அது... நான் பாசத்தில் சொன்னது.

சுந்தர்: அவர் போய் என்ன செய்தார்? வாஷிங்டனில் ஒரு சீசன். பிறகு முதல் வேலை பார்த்த ஐலண்டர்ஸிலேயே இன்னொன்று. இந்தப் பிப்ரவரியில் பழைய சாதனையாளர் செலியோஸின் 1,651 ஆட்டங்களைத் தாண்டி, தடுப்பாட்டக்காரர்களில் யாரும் ஆடாத எண்ணிக்கைக்குப் போனார். 1,680-இல்தான் நிறுத்தினார். கால் ஓடவில்லையாம்!

குமரேசன்: அதற்குப் பிராயச்சித்தம் செய்தேனே. வாஷிங்டனில் சேர்ந்த செய்தி வந்த அன்றே சபதம் போட்டேன். இனி பாஸ்டன் ஆட்டத்தைப் பார்க்கவே மாட்டேன் என்று.

சுந்தர்: அப்புறம் வாரம் மூன்று நாள் எனக்கு ஸ்கோர் சொல்வது யார்?

குமரேசன்: பார்க்க மாட்டேன் என்றுதான் சொன்னேன். சமையலறையில் நின்று சத்தத்தை மட்டும் கேட்பேன். அதை விடு. உன்னிடம் அவருடைய பழைய ஒட்டாவா சட்டை இருக்கிறதே, 3-ஆம் எண், அதை அனுப்பி வை.

சுந்தர்: பாஸ்டனில் அவர் எண் 33 ஆயிற்றே.

குமரேசன்: பக்கத்தில் இன்னொரு 3 தைத்துக்கொள்கிறேன்.

சுந்தர்: சட்டை சிவப்பு மாமா. உங்கள் ஊரில் போட்டுக்கொண்டு நடந்தால் அடி விழும்.

குமரேசன்: விழட்டும். வீட்டுக்குள் போட்டுக்கொள்கிறேன். அடுத்த மாதம் 12-ஆம் தேதிக்குள் வந்து சேருமா?

சுந்தர்: 12-ஆம் தேதி என்ன?

குமரேசன்: சீசனின் முதல் ஆட்டம். பாஸ்டன் வாஷிங்டனுக்குப் போகிறது.

சுந்தர்: சபதம்?

குமரேசன்: அவர் மாதிரிதான் நானும். ஒரு நாள் ஒப்பந்தம்.