பாரில் கோளாறு தெரியும் இடம் வேறு, தொடங்கும் இடம் வேறு

ஜிம்னாஸ்டிக்ஸ் பாரில் ஜெயன்ட் (கம்பியைப் பிடித்து, உடம்பை நீட்டியபடி முழு வட்டம்) சுற்றும் குழந்தைக்கு உச்சியில் முழங்கை மடங்குகிறது. கீழே நிற்கும் கோச், "கையை நீட்டு! நீட்டு!" என்கிறார். அடுத்த முறை குழந்தை சொன்னபடியே கையை நீட்டுகிறது. வேகம் போதாமல் உச்சிக்கு ஒரு முழம் முன்பே நின்று, வந்த வழியே திரும்பி விழுகிறது. அதற்கடுத்த முறை கை மறுபடி மடங்குகிறது. குழந்தை பிடிவாதம் பிடிக்கவில்லை. உச்சியைத் தாண்ட அதற்கு வேறு வழியில்லை, அவ்வளவுதான்.

பாரில் கண்ணுக்குத் தெரிகிற தவறு பெரும்பாலும் அரைச் சுற்றுக்கு முன்பே நடந்து முடிந்துவிடுகிறது. தெரிகிற இடத்தில் திருத்தினால் குழந்தைக்குக் குழப்பமும் பயமும்தான் மிஞ்சும். கோச் பார்க்க வேண்டியது அதற்கு முந்தைய நொடியை.

கிப்பையே எடுத்துக்கொள்வோம்: தொங்கி ஆடி, நீட்டிய கையோடு பாருக்கு மேல் ஏறி ஊன்றுவது. கைகள் மடங்குகின்றன, ஒரு முழங்கை முதலில் ஏறி மற்றது பின்னால் வருகிறது. உடனே "கையில் பலம் இல்லை" என்று தீர்ப்புச் சொல்லி புல்-அப் கொடுக்கிறார்கள். புல்-அப் என்பது கையை மடக்கி இழுப்பது. கிப்புக்கு வேண்டியது நீட்டிய கையால் பாரைத் தொடைவரை அழுத்தி இறக்குவது. தவறான பழக்கத்துக்கே பலம் சேர்க்கிறோம். உண்மைக் காரணம் பெரும்பாலும் கிளைடில், அதாவது பாருக்குக் கீழே முன்னோக்கி ஆடும் முதல் ஊசலில், இருக்கும். உடம்பு முன்னால் முழுதாக நீளும் முன்பே கால் மேலே வந்துவிடும், அல்லது ஊசல் திரும்பிப் பாதி தூரம் போன பிறகு வரும். முன்னோக்கிய ஊசல் முடிந்து திரும்பத் தொடங்கும் அந்தத் தருணத்தில் கால்விரல் பாரைத் தொட வேண்டும். தொங்கியபடி, ஆடாமல், நீட்டிய காலைப் பாருக்குத் தொடர்ந்து 10 முறை கொண்டுவர முடியாத குழந்தைக்கு அந்த நேரக்கணக்கு பிடிபடுவது கடினம். முதலில் அதைக் கொடுங்கள். கூடவே மல்லாந்து படுத்து, தலைக்குப் பின்னால் கட்டிய ரப்பர் பேண்டை நீட்டிய கையால் தொடைவரை இழுக்கும் பயிற்சியையும் கொடுங்கள். மணிக்கட்டு பாரின் மேல் உருண்டு ஏறுவதைத் தனியாகத் தாழ்வான பாரில் காட்டலாம்.

பாரின் மேல் கையூன்றி, காலைப் பின்னால் உதைத்து உயர்த்தும் காஸ்டிலும் இதே கதைதான். இடுப்பு தொய்ந்து முதுகு வளைந்தால் "வயிற்றை இறுக்கு" என்பார்கள். தோளைப் பாருங்கள். காலை உதைக்கும் நொடியில் தோள் பின்னால் போயிருக்கும். தோள் பாருக்கு முன்னால் சாய்ந்து நின்றால்தான் கால் மேலே போக எதிர் எடை கிடைக்கும். காலைக் கட்டையின் மேல் வைத்து, கையைத் தரையில் ஊன்றி, தோளை விரலுக்கு முன்னால் தள்ளி 15 நொடி பிடிக்கச் சொன்னால், அந்தச் சாய்வு பயப்பட வேண்டியதில்லை என்று உடம்புக்குப் புரியும். சர்வதேச விதிகளில் காஸ்டில் வரும் ஹேண்ட்ஸ்டாண்ட் (கையூன்றித் தலைகீழாக நிற்பது) செங்குத்துக்கு 10 பாகைக்குள் வந்தால் மதிப்பெண் கழிவு இல்லை. அந்தக் கணக்கை 8 வயதுக் குழந்தையிடம் முதல் மாதத்திலேயே எதிர்பார்க்கக் கூடாது. வளைந்த முதுகோடு ஹேண்ட்ஸ்டாண்டைத் தொடுவதைவிட, நேரான உடம்போடு கிடைமட்டத்துக்குச் சற்று மேலே வருவது எவ்வளவோ மேல்.

இனி ஜெயன்ட். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் நாடியா கொமனச்சி 10 மதிப்பெண் எடுத்த காலத்தில், பெண்களுக்கான இரட்டைப் பாரில், மேல் பாரிலிருந்து ஆடி வந்து இடுப்பால் கீழ் பாரில் மோதிச் சுழலும் அளவுக்கு இரண்டும் அருகருகே இருந்தன. இன்று மேல் பார் தரையிலிருந்து 250 செ.மீ., கீழ் பார் 170 செ.மீ., இரண்டுக்கும் இடையே சாய்வாக அளந்த தொலைவு 180 செ.மீ. வரை. அதனால் பெண்கள் பாரிலும் ஜெயன்ட்தான் எல்லாவற்றுக்கும் அடிப்படை. ரிலீஸ் (பாரை விட்டுப் பறந்து மறுபடி பிடிப்பது), டிஸ்மவுன்ட் (பாரை விட்டுத் தரையிறங்குவது) எல்லாமே அதிலிருந்து பிறக்கின்றன.

ஹேண்ட்ஸ்டாண்டிலிருந்து இறங்கும்போது உடம்பு முடிந்த அளவு நீளமாக இருக்க வேண்டும்: தோள் காதோரம், விலா உள்ளே, லேசான ஹாலோ (மார்பும் வயிறும் உள்வாங்கிய வடிவம்). அடிப்புள்ளியை நெருங்கும்போதுதான் மார்பும் தோளும் திறந்து லேசான ஆர்ச் (முதுகுப் பக்கம் வளைவு) வரும். அடிப்புள்ளியைத் தாண்டியதும் கால் சாட்டையாக முன்னால் போய் உடம்பு மறுபடி ஹாலோவாகும். இதுதான் டேப். பயந்த குழந்தை இதைச் சீக்கிரமே செய்துவிடும். கிடைமட்டத்திலேயே வளைந்து, அடிப்புள்ளிக்கு முன்பே உதைத்துவிடும். இறங்கும்போது உடம்பு சுருங்கினால் புவியீர்ப்பு தரும் வேகம் குறையும். ஏறும்போது சுருங்கினால் எதிர்க்கும் விசை குறையும். சீக்கிரம் டேப் செய்யும் குழந்தை இரண்டிலும் நஷ்டப்படுகிறது. உச்சியில் மடங்குகிற கை அந்த நஷ்டத்தை ஈடுகட்டுகிறது. இரண்டு பார்களுக்கு இடையே ஆடும்போது கீழ் பாரையும் தாண்ட வேண்டியிருப்பதால், காலை விரித்தோ இடுப்பைச் சற்று மடக்கியோ போக நேரும். டேப்பின் கணக்கும் சற்றே மாறும். ஆகவே தனி பாரில் நன்றாகச் சுற்றுகிற குழந்தை இங்கே தடுமாறினால் ஆச்சரியப்படாதீர்கள்.

இதைக் கற்றுத்தர ஸ்ட்ராப் பாரைவிடச் சிறந்த இடம் இல்லை. வழவழப்பான இரும்புக் கம்பி, பருத்திக் கையுறை, மணிக்கட்டைச் சுற்றிய ஸ்ட்ராப். கை நழுவும் கவலை போனால் குழந்தை உடம்பின் வடிவத்தைக் கவனிக்கும். ஸ்ட்ராப்பைக் குழந்தையே சுற்றிக்கொள்ளட்டும். ஏறும் முன் ஒவ்வொரு முறையும் கோச் கையால் தொட்டுச் சரிபார்க்கட்டும். கைப்பேசியை ஸ்லோ மோஷனில், பாருக்கு நேர் பக்கவாட்டில் வைத்துப் பதிவுசெய்யுங்கள். கால் எங்கே உதைக்கிறது என்பதை வெறும் கண்ணால் நம்பிக்கையாகச் சொல்ல முடியாது.

ஒரு கணக்கையும் மனதில் வையுங்கள். ஹேண்ட்ஸ்டாண்டிலிருந்து நீட்டிய உடம்போடு விழுந்து அடிப்புள்ளியைக் கடக்கும்போது கைகளில் விழும் சுமை உடல் எடையைப் போல் ஏறத்தாழ 4 மடங்கு. 30 கிலோ குழந்தைக்கு 120 கிலோ. களைத்த கைகளுக்கு "இன்னும் அஞ்சு சுற்று" என்று சொல்லும்முன் இதை நினைக்க வேண்டும்.

ஃப்ளைஅவே, அதாவது பாரை விட்டுப் பின்புறமாகக் குட்டிக்கரணம் போட்டு இறங்குவது, பெற்றோரை அதிகம் பயமுறுத்துவது. அந்தப் பயத்தில் நியாயமும் உண்டு. கையைத் தாமதமாக விட்டால் உடம்பு பாரை நோக்கியே திரும்பி வரும், கால் கம்பியில் அடிபடும். சீக்கிரம் விட்டால் தூரமாக, தாழ்வாகப் பறந்து சுழற்சி முடியாமல் விழும். தாமதத்துக்குக் காரணம் பெரும்பாலும் தலை. பாரைத் தேடித் தலையைப் பின்னால் எறிந்தால் தோள் மூடிக்கொள்ளும், கை இழுக்கும், உடம்பு பாரோடு ஒட்டிக்கொள்ளும். கால்விரலைப் பார்த்தபடி உயரச் சொல்லுங்கள். முதலில் ஃபோம் பிட்டில் (பஞ்சுத் துண்டுகள் நிரப்பிய குழியில்), சுழலாமல், டேப் செய்து மல்லாந்து தட்டையாக விழும் பயிற்சி. விடும் நேரம் பத்துக்குப் பத்தும் ஒரே மாதிரி வந்த பிறகே டக் (முழங்காலை மார்போடு சேர்த்துச் சுழல்வது). ட்காச்சேவ் (பாரை விட்டு, அதன் மேலே பின்னோக்கிப் பறந்து மறுபடி பிடிப்பது) போன்ற ரிலீஸ்களுக்கும் இதேதான்: சீக்கிரம் விட்டால் உயரம் இருக்கும், பாரைக் கடக்காது, தாமதித்தால் கடக்கும், ஆனால் தாழ்வாகப் போய்க் கால் இடிக்கும். ரிலீஸைத் திருத்தாதீர்கள், அதற்கு முந்தைய ஜெயன்ட்டின் டேப்பைத் திருத்துங்கள்.

பயமும் இப்படித்தான். நேற்றுவரை செய்த குழந்தை இன்று பாரில் உறைந்து நின்றால், அதன் காரணம் இன்றைக்கு உருவானதில்லை. ஒரு படியைத் தாண்டி ஏற்றியிருப்போம், அல்லது நழுவிய ஒரு சுற்றை யாரும் கவனித்திருக்க மாட்டோம், அல்லது குழந்தை திடீரென வளர்ந்திருக்கும். உயரம் கூடினால் பழைய டேப் நேரம் பொருந்தாது, குழந்தைக்கு அது சொல்லத் தெரியாது. திட்டுவதாலும் மற்ற குழந்தைகள் முன் நிறுத்தி வைப்பதாலும் இது தீராது. இரண்டு படி கீழே இறங்கி, அங்கே சலிக்கச் சலிக்கச் செய்யவிடுங்கள். "பிடிச்சுக்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கையை எடுக்கும் தந்திரம் மட்டும் வேண்டவே வேண்டாம். அது ஒரு முறை பலிக்கும், பிறகு அந்தக் குழந்தை உங்கள் கையை நம்பாது. எங்கே தொடுவீர்கள், எங்கே தொட மாட்டீர்கள் என்று முன்கூட்டியே சொல்லிவிட்டுக் குறையுங்கள்.

குழந்தையைத் தாங்கிப் பிடிக்கும்போது உங்கள் கை பாரின் அடிப்பக்கமாகவே போக வேண்டும். மேல்வழியாக நீட்டினால், சுழலும் உடம்புக்கும் கம்பிக்கும் நடுவே உங்கள் முழங்கை சிக்கும்.

கிரிப்பை, அதாவது குழந்தை கையில் மாட்டும் தோல் பட்டையை, வாரம் ஒரு முறை சோதியுங்கள். தோல் நாளாக நாளாக நீளும். நீண்டுபோன தோல் பாரைச் சுற்றி மடிந்து தன்மேலேயே சிக்கினால் கை நின்றுவிடும், உடம்பு சுற்றிக்கொண்டே போகும், முன்கை எலும்பு முறியும். பாரைப் பிடித்தபடி கையை மூடச் சொல்லிப் பாருங்கள். தோலின் நுனி பாரைச் சுற்றி வந்து உள்ளங்கைக்குள் மடிகிற அளவுக்கு வந்துவிட்டால் அந்தக் கிரிப் அன்றோடு சரி. அண்ணனுடைய, அக்காவுடைய பழைய கிரிப்பை யாருக்கும் மாற்றிக் கொடுக்காதீர்கள்.