கீழ் டிவிஷன் டோனி ஃபோர்டு

நேற்று ராத்திரி வாட்ஸ்அப் குழுவில் ஒரு சண்டை. மெஸ்ஸியா ரொனால்டோவா என்று வழக்கம்போல ஆரம்பித்தது. எங்கெங்கோ சுற்றி "யார் அதிக ஆட்டம் ஆடியது" என்ற இடத்துக்கு வந்தபோது நான் டோனி ஃபோர்டு பெயரைச் சொல்லித் தொலைத்தேன். "யாருப்பா அது?" என்று நாலு பேர். ஒருவன் மட்டும் தேடிப் பார்த்துவிட்டு வந்து, "மச்சான், கீழ் டிவிஷன்லயே உருண்டு முடிஞ்ச ஆளு. இவரையெல்லாம் ஏன்டா இழுக்கிற?" என்றான். அங்கேயே பதில் அடிக்க ஆரம்பித்தேன். கட்டைவிரல் வலி எடுத்ததும் மடிக்கணினிக்கு மாறி இங்கே எழுதுகிறேன்.

அவன் சொன்னதில் தகவல் பிழை ஏதும் இல்லை. இங்கிலாந்தின் கால்பந்து லீக்கில் மேலிருந்து கீழாக நான்கு டிவிஷன்கள். டோனி ஃபோர்டு அதன் உச்ச டிவிஷனில் ஒரு ஆட்டம்கூட ஆடியதில்லை. 1975 அக்டோபர் 4, சொந்த ஊரான கிரிம்ஸ்பியின் அணிக்காக முதல் ஆட்டம். அன்று அவருக்கு 16 வருடம் 143 நாள். கடைசியாக ஆடியது 2001-இல், ரோச்டேல் அணிக்கு. வயது 42. இடையில் லீக் ஆட்டங்கள் மட்டும் 931. கோப்பைப் போட்டிகளையும் சேர்த்தால் ஆயிரத்தைத் தாண்டும். இங்கிலாந்து லீக் வரலாற்றில் இவருக்கு மேலே இருப்பது பீட்டர் ஷில்டன் ஒருவர்தான், 1,005 ஆட்டங்களோடு. அவர் கோல்கீப்பர். களத்தில் ஓடி ஆடியவர்களை மட்டும் எடுத்தால் முதலிடம் ஃபோர்டுக்கு.

931 என்றால் எவ்வளவு என்று சட்டென்று பிடிபடாது. கீழ் டிவிஷன்களில் இப்போது ஒரு சீசனுக்கு 46 ஆட்டம். ஒன்றைக்கூட விடாமல், காய்ச்சல், தசைப்பிடிப்பு, சிவப்பு அட்டை எதுவும் இல்லாமல் இருபது வருடம் ஆடினால் 920. அதற்கு மேலும் 11 வேண்டும். இதையும் அவர் சும்மா நின்று ஆடவில்லை. ஆரம்பத்தில் வலப்பக்க விங்கர், அப்புறம் வலப்பக்க மிட்ஃபீல்டர், வயது ஏற ஏற ரைட் பேக், அதாவது வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர். அதே கோட்டில்தான் இருபத்தாறு வருடமும் ஓடினார். தொடங்குகிற இடம்தான் கொஞ்சம் கொஞ்சமாகப் பின்னால் வந்தது. லீக்கில் நூறுக்கு மேல் கோலும் உண்டு.

கிரிம்ஸ்பியைச் சொல்லாமல் இவரைச் சொல்ல முடியாது. ஹம்பர் ஆற்றின் முகத்துவாரத்தில் இருக்கிற மீன்பிடித் துறைமுகம் அது. ஃபோர்டு முதல் ஆட்டம் ஆடிய அடுத்த மாதமே ஐஸ்லாந்தோடு மூன்றாவது 'காட் போர்' ஆரம்பித்தது. காட் மீனுக்காக நடந்த சண்டை. ஐஸ்லாந்து தன் மீன்பிடி எல்லையை 200 மைலாக நீட்டியது, பிரிட்டிஷ் விசைப்படகுகளின் வலைகளை ஐஸ்லாந்து ரோந்துக் கப்பல்கள் அறுத்தன, காவலுக்குப் போன பிரிட்டிஷ் போர்க்கப்பல்களோடு மோதல்கூட நடந்தது. 1976 ஜூனில் பிரிட்டன் இறங்கி வந்ததோடு கிரிம்ஸ்பியின் ஆழ்கடல் மீன்பிடித் தொழிலுக்கு இறங்குமுகம். அந்தத் தொகுதியின் எம்.பி.யான டோனி கிராஸ்லாந்துதான் அப்போது வெளியுறவு அமைச்சரும். 1976 ஏப்ரலில் அவர் அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹென்றி கிஸ்ஸிஞ்சரை ஊருக்குக் கூட்டிவந்து, ஒரு மூன்றாவது டிவிஷன் ஆட்டத்தைப் பார்க்க உட்கார வைத்தார். உலகத்தையே சதுரங்கப் பலகையாகப் பார்த்த மனிதர் கிரிம்ஸ்பி - கில்லிங்ஹாம் ஆட்டம் பார்த்தார் என்பதை நினைத்தால் எனக்கு இன்றைக்கும் சிரிப்பு வரும்.

ஊரின் தொழில் படுத்த அதே வருடங்களில் அணி எழுந்தது. 1979-இல் நான்காவது டிவிஷனிலிருந்து மேலே வந்தார்கள். 1980-இல் மூன்றாவது டிவிஷன் சாம்பியன். ஃபோர்டு இரண்டிலும் இருந்தார், இருபத்தொரு வயதுக்குள். 1984 நவம்பரில் லீக் கோப்பையில் எவர்ட்டனை அவர்கள் மைதானத்திலேயே 1-0 என்று கிரிம்ஸ்பி தோற்கடித்தது. அந்த சீசனில் லீக் சாம்பியன் ஆன அதே எவர்ட்டன். கோல் அடித்த பால் வில்கின்சனை சில மாதங்களிலேயே எவர்ட்டன் வாங்கிக்கொண்டது. ஃபோர்டு கிரிம்ஸ்பியிலேயே இருந்தார். என் நண்பன் மாதிரி ஆட்கள் கதையை இந்த இடத்தில் முடித்துவிடுவார்கள். ஒருவன் போனான், ஒருவன் தங்கிவிட்டான், அவ்வளவுதான் என்று.

சில வருடங்களுக்கு முன் மான்செஸ்டரில் வேலை பார்த்தபோது ஒரு ஜனவரி சனிக்கிழமை கிரிம்ஸ்பி அணியின் மைதானத்துக்குப் போனேன். பிளண்டெல் பார்க். அது கிரிம்ஸ்பியில் இல்லை, பக்கத்து ஊரான கிளீதோர்ப்ஸில் இருக்கிறது. அதனால் சொந்த மைதானத்தில் ஆடும்போதும் வெளியூரில்தான் ஆடுகிறார்கள் என்று ஒரு பழைய கிண்டல் உண்டு. 1901-இல் கட்டிய மரக் காலரியின் ஒரு பகுதி இன்றும் நிற்கிறது. எனக்குக் கிடைத்த இருக்கையில் உட்கார்ந்தால் பெனால்டி பாக்ஸுக்கு நேராக ஒரு இரும்புத் தூண். கோல் விழுந்ததைச் சத்தத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். கடலிலிருந்து வருகிற காற்றில் பேப்பர் கப்பில் இருந்த டீ மூன்று நிமிடத்தில் ஆறிப்போனது. எதிர்க் காலரிக்குப் பின்னால் ஹம்பரில் ஒரு சரக்குக் கப்பல் அசையாத மாதிரி நகர்ந்துகொண்டிருந்தது.

அன்று தூண் மறைக்காத பக்கத்தில் எதிரணியின் மிட்ஃபீல்டர் ஒருவர். முப்பத்தைந்து வயது இருக்கும். தொடையில் கட்டு. பந்து தன்னிடம் வருவதற்கு முன்பே இரண்டு முறை தோளைத் திருப்பிப் பின்னால் பார்ப்பார். வந்ததும் ஒரே தட்டு, பக்கத்து ஆளுக்கு. மறுபடி கையை நீட்டி யாரையோ இடம் மாறச் சொல்வார். ஓடவே இல்லை என்று சொல்லலாம், ஆனால் ஒவ்வொரு முறையும் பந்து விழுகிற இடத்தில் இருந்தார். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, உயரப் பந்துக்கு ஓர் அடி தள்ளி நின்றார். பக்கத்தில் இருந்த ஆள் தொண்ணூறு நிமிடமும் அவரைத் திட்டிக்கொண்டே இருந்தார். திட்டும் அளவுக்கு அவர் தொந்தரவாக இருந்தார் என்று அர்த்தம். டிவியில் பிரீமியர் லீக் பார்க்கும்போது இப்படி ஒரு ஆளை நான் கவனித்ததே இல்லை. கேமரா அவரிடம் போகாது.

இன்னொன்றும் அங்கே உட்கார்ந்தபோதுதான் உறைத்தது. கோட்டோரம் ஓடுகிறவனுக்கும் முதல் வரிசைக்கும் இரண்டு மூன்று எட்டுதான் இடைவெளி. கூட்டம் குறைவு என்பதால் தனித்தனிக் குரலாகக் கேட்கும். ஃபோர்டு கறுப்பினத்தவர். அவர் ஆட வந்த எழுபதுகளில் இங்கிலாந்து மைதானங்களில் கறுப்பின வீரர்கள் மேல் வாழைப்பழம் வீசுவதும் குரங்குச் சத்தம் போடுவதும் சர்வசாதாரணம். விவ் ஆண்டர்சன் இங்கிலாந்து சீனியர் அணிக்கு ஆடிய முதல் கறுப்பின வீரர் ஆனதே 1978 நவம்பரில்தான். ஃபோர்டு மூன்று வருடம் முன்பே ஆட வந்துவிட்டார், பதினாறு வயதில், கோட்டோரம் ஓடுகிற விங்கராக. இதை யோசித்துப் பார்த்தால் 931 என்ற எண்ணின் எடை வேறாகத் தெரிகிறது எனக்கு.

1986-இல் கிரிம்ஸ்பியை விட்டார். நடுவே சண்டர்லாந்துக்கு லோனில், அதாவது தற்காலிக இரவலாக, ஒன்பது ஆட்டம். பிறகு ஸ்டோக் சிட்டியில் 112, வெஸ்ட் பிராம்விச் ஆல்பியனில் 114. இரண்டும் பழைய பெரிய கிளப்கள், அப்போது இரண்டாவது டிவிஷனில் கிடந்தன. 1989-இல், முப்பது வயதில், இங்கிலாந்தின் இரண்டாம் நிலை தேசிய அணியான 'பி' அணிக்கு இரண்டு முறை ஆடினார். உச்ச டிவிஷன் வாசலைத் தொடாத ஆளுக்கு அந்தச் சட்டை கிடைப்பது சும்மா இல்லை. 1991-இல் வெஸ்ட் பிராம் தன் வரலாற்றில் முதல்முறையாக மூன்றாவது டிவிஷனுக்கு இறங்கியது. ஃபோர்டு திரும்பக் கிரிம்ஸ்பிக்கு வந்து 68 ஆட்டம். பிராட்ஃபோர்டில் லோனில் ஐந்து. ஸ்கந்தார்ப்பில் 76. இதையெல்லாம் வேகமாகச் சொல்லிவிட்டுப் போகிறேன், ஏனென்றால் எனக்கு முக்கியமானது இதற்கு அடுத்து வருகிற 1996.

1996-இல் ஃபோர்டுக்கு 37 வயது. அதுவரை லீக்கில் 739 ஆட்டங்கள். பெரிய எண்தான், ஆனால் சாதனை இல்லை. களத்தில் ஓடி ஆடியவர்களில் அன்றைய சாதனை டெர்ரி பெயினிடம் இருந்தது: சவுத்தாம்ப்டனிலும் ஹெரிஃபோர்டிலுமாக 824. பெயின் 1966 உலகக் கோப்பை வென்ற அணியில் இருந்தவர். ஃபோர்டு அப்போது பாரோவில். அது அன்றைக்கு அந்த நான்கு டிவிஷன்களிலேயே இல்லாத கிளப், அவற்றுக்குக் கீழே நார்தர்ன் பிரீமியர் லீக்கில் ஆடிக்கொண்டிருந்தது. நான்கு டிவிஷன்களுக்கும் சேர்த்து இங்கிலாந்தில் லீக் கிளப்கள் 92. அந்தத் தொண்ணூற்றிரண்டுக்கும் வெளியே போன 37 வயது ஆளைத் திரும்பக் கூப்பிட எந்த மேனேஜருக்கும் காரணம் இருக்காது. வருடா வருடம் மே மாதம் ஒவ்வொரு கிளப்பும் யாரை வைத்துக்கொள்கிறோம், யாரை விடுகிறோம் என்று பட்டியல் போடுகிறது. இருபத்திரண்டு வயதுப் பையன்களே அதில் கொத்தாக வெளியே விழுவார்கள். கீழ் டிவிஷனில் ஒப்பந்தம் பெரும்பாலும் ஒரு வருடம், மிஞ்சினால் இரண்டு. வீட்டுக் கடன் இருபத்தைந்து வருடம். ஃபோர்டு அங்கேயே நின்றிருந்தால் யாரும் ஆச்சரியப்பட்டிருக்க மாட்டார்கள். நானும் இதை எழுதிக்கொண்டிருக்க மாட்டேன்.

கூப்பிட்டது ஸ்டீவ் பார்க்கின். ஸ்டோக்கிலும் வெஸ்ட் பிராமிலும் ஃபோர்டோடு ஒரே டிரஸ்ஸிங் ரூமில் இருந்தவர். 1996-இல் மான்ஸ்ஃபீல்டு டவுனின் மேனேஜர் ஆனதும் ஃபோர்டைத் தனக்கு உதவியாளராகவும் ஆட்டக்காரராகவும் சேர்த்துக்கொண்டார். மான்ஸ்ஃபீல்டில் 103 ஆட்டம். 1999 ஜனவரியில் அங்கே வைத்துத்தான் பெயினின் சாதனை உடைந்தது. அதே வருடம் பார்க்கின் ரோச்டேலுக்குப் போக, ஃபோர்டும் கூடவே போனார். அங்கே 89. ரோச்டேல் எப்படிப்பட்ட கிளப் என்றால், 1974-இல் கடைசி டிவிஷனுக்கு இறங்கி 2010 வரை அங்கேயே உட்கார்ந்திருந்த கிளப். அந்த டிவிஷனுக்கே 'ரோச்டேல் டிவிஷன்' என்று பெயர் வைத்துக் கேலி செய்தார்கள். நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர், பிள்ளை வயதுப் பையன்களுக்கு எதிராக, செவ்வாய்க்கிழமை இரவுக் குளிரில் அங்கே ரைட் பேக் ஆடினார். ஆக 931-இல் 192 ஆட்டங்கள், கதை முடிந்தது என்று எல்லாரும் நினைக்கிற இடத்துக்கு அப்புறம் வந்தவை.

இந்த இடத்தில் நண்பன் என்ன சொல்வான் என்று எனக்குத் தெரியும். "அப்போ சிபாரிசுதானே? கூட்டாளி மேனேஜர், இவர் அசிஸ்டென்ட், ரெண்டு பேரும் சேர்ந்து டீம் எழுதுவாங்க, இவர் பேர் அதுல இருக்கும்." ஆமாம், சிபாரிசுதான். ஆனால் கீழ் டிவிஷன் மேனேஜரின் வேலை எத்தனை நாளைக்கு என்று யோசித்துப் பார்க்கச் சொல்கிறேன். நாலு ஆட்டம் தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். தன் சோற்றைப் பணயம் வைத்து யாரும் நண்பனுக்கு வாரம் தவறாமல் இடம் கொடுக்க மாட்டார்கள், அதுவும் ஐந்து வருடம். ஐந்து வருடம் போல ஒரே டிரஸ்ஸிங் ரூமில் இருந்தவனுக்குத்தான் தெரியும், மழையில் 0-2 என்று தோற்றுக்கொண்டிருக்கும்போது யார் தலையைத் தொங்கப்போடுவான், யார் போட மாட்டான் என்று. அந்தத் தகவல் எந்தப் புள்ளிவிவரத்திலும் இல்லை. பார்க்கினிடம் இருந்தது.

உச்சத்தில் ஆடியிருந்தால் இந்த எண் வந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அங்கே இப்போது சீசனுக்கு 38 ஆட்டம்தான். பிரீமியர் லீக்கில் 653 ஆட்டம் ஆடிய கேரத் பாரியையே இரும்பு மனிதர் என்கிறோம். 46 ஆட்ட சீசன் என்பது கீழ் டிவிஷன்காரனின் சொத்து, அவனது சுமையும் அதுதான். எனவே இந்தச் சாதனை, ஃபோர்டு கீழே ஆடியும் கிடைத்தது என்று சொல்வதே தப்பு. கீழே ஆடியதால்தான் கிடைத்தது. இன்னும் நிற்கிறது.

அவர் எப்படி நிறுத்தினார் என்பதைத்தான் குழுவில் கடைசியாகப் போட்டேன். 2001 நவம்பரில் பார்ன்ஸ்லி பார்க்கினை மேனேஜராக எடுத்தது. ஃபோர்டு வழக்கம்போல உதவியாளராகக் கூடவே போனார். பார்ன்ஸ்லி அப்போது இரண்டாவது அடுக்கில் இருந்தது, ரோச்டேலுக்கு இரண்டு படி மேலே. அங்கே அவர் ஆடவில்லை. மே மாதப் பட்டியல் எதுவும் அவரை நிறுத்தவில்லை, மேல் டிவிஷனில் வேலை கிடைத்துப் போனதால் 931-இல் நின்றுவிட்டது.

நீலக் குறி விழுந்து இரண்டு மணி நேரம் ஆகிறது. அவன் இன்னும் பதில் போடவில்லை.