என் சட்டியில் ஒரு கறி கூடியதற்கு இவ்வளவு கோபமா?

ஞாயிற்றுக்கிழமை நான் போட்ட, சிங்களவர் வீடுகளில் சமைக்கும் பொலொஸ் கறிப் படத்தின் கீழ் என்ன நடந்தது என்று உங்களில் பெரும்பாலோர் பார்த்திருப்பீர்கள். அந்தப் பின்னூட்டத்தை நான் அழிக்கவில்லை. அழிக்கவும் மாட்டேன். அதற்கு விருப்பக்குறி இட்டவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அவர்களில் பலர் கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் இருந்து, என் கையால் சாப்பிட்டவர்கள். அதுதான் நெஞ்சில் நிற்கிறது.

"கொழும்புக்குப் போனதும் அடுப்படியும் மாறிவிட்டது, இப்படித்தான் ஓர் இனம் மெல்ல மெல்ல அழியும்" என்று எழுதியிருக்கிறார் ரொறன்ரோவில் இருக்கும் ஓர் அண்ணா. ஒரு சட்டிப் பிஞ்சுப் பலாக்காய்க்காக! சில நாட்கள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை. ஆகவே எழுதுகிறேன், நீளமாகத்தான் எழுதப் போகிறேன்.

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். என் வீட்டில் ஒரு கறி கூடியிருக்கிறது. ஒரு கறியும் குறையவில்லை. ஆடிப்பிறப்பன்று கூழும் கொழுக்கட்டையும் செய்தேன். பனங்கிழங்கைக் காயவைத்து இடித்த ஒடியல் மாவைக் கசப்புப் போக ஊறவைத்துத் தண்ணீரை வடித்துக் கரைப்பது என் மகளுக்கும் தெரியும், மகனுக்கும் தெரியும். செத்தல் மிளகாயும் மல்லியும் பெருஞ்சீரகமும் வறுத்துத் தூள் இடிப்பிக்க நான் இன்றும் ஆலைக்குப் போகிறேன், கடையில் பொதி வாங்குவதில்லை. படத்தில் பொலொஸ் சட்டிக்குப் பக்கத்தில் இருந்த சம்பலையும் முருங்கைக்காய்க் குழம்பையும் யாரும் பார்க்கவில்லை. பார்க்க விரும்பவில்லை என்றுதான் நினைக்கிறேன்.

பொலொஸ் என்றால் என்ன? பலா மரத்தின் இளம்பிஞ்சு. கத்திக்கும் கைக்கும் தேங்காயெண்ணெய் பூசிக்கொண்டு, பால் ஒட்டாமல் தோலைச் சீவி, கறுக்காமல் இருக்க மஞ்சள் கரைத்த தண்ணீரில் துண்டுகளைப் போட வேண்டும். பிறகு மண்சட்டியில் கொறக்காப்புளி, கறுவா, ரம்பை, கறுக்க வறுத்த தூள், தேங்காய்ப்பால். மெல்லிய நெருப்பில் மணிக்கணக்காக வேக வேண்டும். முன்பு இரவே விறகடுப்பில் ஏற்றிவிட்டுப் படுத்துவிடுவார்களாம். அவசரப்பட்டால் கறி அவசரத்தைக் காட்டிக்கொடுத்துவிடும். பழப்புளியில் வளர்ந்த என் நாக்குக்குக் கொறக்காவின் புளிப்பு முதலில் அந்நியமாகத்தான் இருந்தது. அந்த அந்நியம்தான் என்னை இழுத்தது. இதில் என்ன குற்றம்? தெரியாத ஒன்றைத் தெரிந்துகொள்ள ஆசைப்படுவது சமைக்கிறவளுக்கு மட்டும் ஏன் குற்றமாகிறது?

பலா எப்போது மற்றவர்களுடையதானது என்பதும் எனக்குப் புரியவில்லை. முக்கனியில் ஒன்று என்று நாங்கள்தானே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறோம்? எங்கள் கூழுக்குள் பலாக்கொட்டை போடாத வீடு உண்டா? இந்த நாட்டில் பலாவுக்கு ஒரு பெரிய வரலாறும் இருக்கிறது. 1915 சிங்கள-முஸ்லிம் கலவர நாட்களில் சிறை சென்ற பாணந்துறையைச் சேர்ந்த ஆதர் வி. டயஸ், பஞ்சம் வந்தால் மக்கள் பட்டினி கிடக்கக் கூடாது என்று பத்து இலட்சம் பலாக்கன்றுகள் நடும் இயக்கத்தையே தொடங்கினார். 'கொஸ் மாமா', அதாவது பலாக்காய் மாமா என்றுதான் மக்கள் அவரை அழைத்தார்கள். அந்தத் தொலைநோக்கின் அருமை 2022 பொருளாதார நெருக்கடியில் எல்லோருக்கும் விளங்கியது. அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அரிசி, மரக்கறி, மீன் எதையும் விலை கேட்கவே பயமாக இருந்த காலம். பலாக்காயும் மரவள்ளியும் எத்தனை வீடுகளில் ஒரு நேரச் சோற்றுக்கு ஈடாக நின்றன என்று இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

பொலொஸ் எனக்கு வந்ததும் அப்போதுதான். எரிவாயுச் சிலிண்டர் கிடைக்காமல் வீதியெங்கும் வரிசை. எங்கள் தொடர்மாடியின் பின்முற்றத்தில் கல் வைத்து மேல்மாடி அன்ரி ஓர் அடுப்பு மூட்டினார். சிங்களவர். ஓய்வுபெற்ற ஆசிரியை. அந்த ஒரு நெருப்பில் முதலில் எங்கள் சோறு வேகும், பிறகு அவருடைய சோறு வேகும். மின்வெட்டு இருட்டில் தணல் வீணாகிறதே என்று அவர் ஒரு சட்டிப் பிஞ்சுப் பலாவை ஏற்றி வைத்துவிட்டு, "துவே (மகளே), காலையில் வந்து பார்" என்றார். காலையில் பார்த்தேன். துண்டுகள் இறைச்சி போலச் சிவந்து, சாறு வற்றி, வாசம் படிக்கட்டு வரை நின்றது. எங்கள் மாமி வெள்ளிக்கிழமை மரக்கறி தவிர வேறு எதையும் தொடாதவர். மாசிக்கருவாடு போட்டிருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டு, இல்லை என்றதும் சாப்பிட்டார். பிறகு வெள்ளிக்கிழமைகளில் அவரே கேட்கத் தொடங்கினார். எண்பது வயதைத் தாண்டிய மாமிக்கு இதனால் இனம் அழிவதாகத் தோன்றவில்லை.

பதிலுக்கு நான் என்ன கொடுத்தேன் என்று அந்த அண்ணா கேட்கவில்லை. ஒரு நாள் பொலொஸில் எங்கள் தூளைப் போட்டு அன்ரிக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். ருசி பார்த்தவர் ஒரு போத்தல் தூள் கேட்டு வாங்கிக்கொண்டார். பிறகு கூழ் பழகினார். நண்டை உடைத்து உறிஞ்சிக் குடிக்கும் முறையை என் மகன் அவருக்குக் காட்டிக் கொடுத்தான். இப்போது காலி வீதிக் கடையில் ஒடியல் மா நல்லதா என்று முகர்ந்து பார்த்து வாங்குகிறார். எங்கள் சாப்பாடு இன்னொரு வீட்டில் வேகிறது. இதற்கு யார் விருப்பக்குறி இட்டீர்கள்?

"மரபைக் காக்க வேண்டாமா?" என்று கேட்கிறவர்களுக்கு வருகிறேன். காக்க வேண்டும். நூறு தடவை சொல்வேன், காக்க வேண்டும். ஆனால் எந்த மரபை? நீங்கள் உயிராகச் சொல்லும் அதே ஒடியல் கூழில் கிடக்கும் மரவள்ளியும் செத்தல் மிளகாயும் அமெரிக்கக் கண்டங்களின் மண்ணில் பிறந்து ஐரோப்பியர் கப்பல் வழியாக வந்தவை. யாரோ ஒரு கிழவி அவற்றை முதன்முதலில் தன் பானையில் போட்டிருக்கிறாள். அன்றைக்கும் யாராவது "இது எங்கள் சாப்பாடு இல்லை" என்று முகத்தைச் சுளித்திருப்பார்கள். அவள் கேட்கவில்லை. அதனால்தான் உங்களுக்கு இன்று கூழ் இருக்கிறது.

என் அம்மாவை நினைக்கிறேன். 1995 ஒக்டோபர் 30 இரவு, போருக்குப் பயந்து, மழைக்குள் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து யாழ்ப்பாணத்து வலிகாமமே வெளியேறியபோது அம்மா தோளில் ஒரு பையும் கையில் ஒரு சருவச்சட்டியும் கொண்டுவந்தார். பிறகு வன்னி. கடல் மீனைத் தவிர வேறு மீன் அறியாத அம்மாவுக்குக் குளத்து மீன்தான் கிடைத்தது. சேற்று வாசம் அடிக்கிறது என்று நாங்கள் பிள்ளைகள் வாயில் வைக்க மறுத்தோம். பக்கத்துக் கொட்டில் ஆச்சி வந்து, சாம்பலும் உப்பும் போட்டு உரசிக் கழுவி, புளி கூட விட்டுக் காய்ச்சச் சொல்லிக் கொடுத்தார். தாமரைக்கிழங்கு சமைக்கவும் அவர்தான் பழக்கினார். அம்மா கற்றுக்கொண்டார். அதனால் நாங்கள் உயிரோடு இருக்கிறோம். புதிதாக ஒன்றைச் சமைக்கப் பழகியதற்காக அம்மாவை அன்று ஒருவரும் குறை சொல்லவில்லை. பசி இருக்கும்போது பெண் பழகலாம், வயிறு நிறைந்த பிறகு ஆசைக்குப் பழகக் கூடாது என்றால், அது என்ன நியாயம்?

"பிள்ளைகளைப் பரிசோதனைக்கு வைக்கிறீர்கள், பாவம்" என்று ஓர் அக்கா எழுதியிருந்தார். அக்கா, அன்போடு கேட்டீர்கள் என்று எடுத்துக்கொண்டு அன்போடு சொல்கிறேன். புதுக் கறி வைக்கும் நாளில் பருப்பும் அப்பளமும் கட்டாயம் மேசையில் இருக்கும். பிடிக்காவிட்டால் அவர்கள் அதைச் சாப்பிடுவார்கள். ஒரு வாய் ருசி பார்க்க வேண்டும், அது மட்டும்தான் எங்கள் வீட்டுச் சட்டம். கொகில என்ற சதுப்புநிலச் செடியின் தண்டை மகனுக்குப் பிடிக்கவில்லை, நார் என்றான். சரி, விட்டுவிட்டேன். வல்லாரைச் சம்பலையும் அவன் தொடுவதில்லை, அது எங்கள் ஊர்ச் சாப்பாடுதானே. செலவு என்று கேட்டவருக்கு ஒரே வரி: ஒரு கிலோ கோழியின் விலையையும் ஒரு பிஞ்சுப் பலாவின் விலையையும் சந்தையில் கேட்டுவிட்டு வாருங்கள்.

இனி அந்தக் கடைசி வசனம். "83ஐ மறந்துவிட்டுப் பொலொஸ் சாப்பிடுங்கள்." இதை எழுதும்போது கை கூசவில்லையா அண்ணா?

1983 ஜூலையில், தமிழருக்கு எதிரான கலவரத்தில், காலி வீதியில் எரிந்த கடைகளில் ஒன்று என் பெரியப்பாவுடையது. உடுத்த உடையோடு முகாமில் இருந்து, கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கினார்கள். பெரியம்மா சாகும்வரை தீப்பெட்டி உரசும் சத்தத்துக்குத் திடுக்கிடுவார். நான் இன்று அதே வீதியில் மரக்கறி வாங்கப் போகிறேன். அந்தக் கடை இருந்த இடத்தைத் தாண்டித்தான் போகிறேன். ஒவ்வொரு ஜூலையும் இந்த ஊரில் எப்படி விடிகிறது என்று ரொறன்ரோவில் இருந்துகொண்டு எனக்குச் சொல்லித் தராதீர்கள். மறப்பதா? இதே ஊரில் வாழ்கிற எனக்கு மறக்க வழியே இல்லை. அன்றைக்குக் கொளுத்தியவர்களுக்கும், இருட்டில் என் பிள்ளைகளின் சோற்றுக்குத் தன் விறகைத் தந்த அந்த அன்ரிக்கும் வேறுபாடு காண எனக்குத் தெரியும். அது காணத் தெரியாதவர்கள் செய்ததுதான் 83. நீதி இன்னும் கிடைக்கவில்லை என்பதை எந்த மேடையிலும் சொல்வேன். ஆனால் அந்தத் துயரத்தைத் தூக்கிக்கொண்டுவந்து என் சோற்றுத் தட்டில் கொட்ட உங்களுக்கு உரிமை இல்லை.

நீங்கள் பனிக்காலத்துக்குப் பழகினீர்கள், சந்தோசம். வெள்ளிக்கிழமை இரவுகளில் பீட்சா பெட்டியோடு பிள்ளைகள் சிரிக்கும் படம் போடுகிறீர்கள், நானும் விருப்பக்குறி இடுகிறேன். ஒருவரும் வந்து அங்கே இனம் அழிகிறது என்று எழுதவில்லை. எழுதவும் கூடாது. உடுப்பு மாறலாம், வீடு மாறலாம், வேலை மாறலாம், பிள்ளைகள் வீட்டில் பேசும் மொழியே மாறலாம். எல்லாவற்றுக்கும் காரணம் இருக்கிறது. மாறக் கூடாதது ஊரில் நிற்கிற ஒருத்தியின் சட்டி மட்டும். நீங்கள் எல்லோரும் விட்டுவிட்டுப் போனதை அவள் ஒருத்தி அடுப்படியில் கட்டிக்காக்க வேண்டும், நீங்கள் விடுமுறைக்கு வரும்போது அது அப்படியே ஆவி பறக்க இருக்க வேண்டும். யார் இந்தப் பொறுப்பை எனக்குத் தந்தது? என்னைக் கேட்டா தந்தீர்கள்?

விடிய எழுந்து மூன்று நேரமும் என்ன சமைப்பது என்று யோசிக்கிற வேலை எவ்வளவு சலிப்பானது என்று அதைச் செய்கிறவர்களுக்குத்தான் தெரியும். அதே பருப்பு, அதே சொதி, அதே பொரியல். அந்தச் சலிப்புக்குள் ஒரு புதுக் கிழங்கு, ஒரு புதுக் கீரை கையில் வரும்போது மனம் துள்ளுகிறது. சந்தைக்காரியிடம் எப்படிச் சமைப்பது என்று கேட்டுக்கொண்டு நிற்கும் நேரம் எனக்கு என்னுடைய நேரம். அலுவலகத்தில் புதிதாக ஒன்றைக் கற்றால் பாராட்டு, சம்பள உயர்வு. அடுப்படியில் கற்றால் துரோகம். அந்தச் சொல்லையும் ஒருவர் எழுதியிருந்தார். அதை மட்டும் அழித்தேன், ஏனென்றால் என் மகளுக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும்.

ஆனாலும் அவள் மற்றவற்றை வாசித்துவிட்டாள். "அம்மா, நாங்கள் அன்ரி வீட்டில் சாப்பிடுவது பிழையா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். கொழும்பில் பிறந்து, வீட்டில் தமிழ் பேசி, தமிழில் வாசிக்கிற ஒரு பிள்ளைக்கு நீங்கள் கொடுத்த முதல் பாடம் இது. மரபைக் காக்கிறோம் என்கிறீர்களே, அந்தப் பிள்ளை இனி எந்த விருப்பத்தோடு உங்கள் தமிழை வாசிப்பாள்?

சமரசமாக எழுதச் சொல்லித் தனிச்செய்தி அனுப்பியவர்களுக்கு: முயன்றேன், இவ்வளவுதான் வந்தது. 83 பற்றிப் பேச வேண்டும் என்றால் தொலைபேசியில் கூப்பிடுங்கள், பேசுவோம், எனக்கும் பேச நிறைய இருக்கிறது. சமையல் படத்தின் கீழ் அது வேண்டாம்.

வரும் ஞாயிறு பாபத். கொழும்பு கொம்பனித்தெரு மலாய் வீடுகளில் புட்டோடு சாப்பிடும் குடல் கறி. செய்முறை சொல்லித் தர ஒரு மலாய்த் தோழி வருகிறார். புட்டை நான் அவிக்கிறேன், சிவப்பரிசி மாவும் தேங்காய்ப்பூவுமாக, எங்கள் முறையில்தான். படமும் போடுவேன். குடலைச் சுண்ணாம்பு போட்டுக் கழுவுவதா, சுடுதண்ணீர் மட்டும் போதுமா என்று அனுபவம் உள்ளவர்கள் கீழே எழுதுங்கள். சனிக்கிழமைக்கு முன் தெரிந்தால் உதவியாக இருக்கும்.