ஹைப்ரிட் தக்காளி மரபணு மாற்றப்பட்டதா?

"இலைச்சுருள் நோய் தாங்கும் ஹைப்ரிட் தக்காளி எல்லாம் லேபில் மரபணு மாற்றியது" என்று வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. தவறு. இந்தியாவில் மரபணு மாற்றத் தக்காளி சாகுபடிக்கு அனுமதியே இல்லை.

நோய் தாங்கும் டிஒய்-3 மரபணு, பெரு, சிலி நாட்டுக் காட்டுத் தக்காளியிலிருந்து மகரந்தம் தடவிக் கலப்பு செய்து வந்தது. லேபில் நடப்பது தேர்வு மட்டும்: நாற்றின் இளம் இலையை நகக்கண் அளவு கிள்ளி, டிஎன்ஏ பிரித்து, பிசிஆரில் (டிஎன்ஏ துண்டைப் பல மடங்கு நகலெடுக்கும் முறை) பெருக்கி, அந்த மரபணுவின் அடையாளக் கோடு தெரிகிறதா என்று பார்ப்பார்கள். செடிக்குள் எதையும் செலுத்துவதில்லை. 2012-ல் தக்காளியின் மரபணுத் தொகுதி வெளியானபின் இந்த வேலை எளிதாயிற்று.

ஆனால் ஹைப்ரிட் பழத்தின் விதையை எடுத்து விதைக்காதீர்கள். பெற்றோரில் ஒன்றிலிருந்து மட்டும் அந்த மரபணு வந்திருந்தால், நாலில் ஒரு நாற்றுக்கு அது வராது; இந்த நோயின் வைரஸைப் பரப்பும் வெள்ளை ஈ இறங்கியதும் அவைதான் முதலில் சுருளும்.